சென்னையில் செஸ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு பள்ளிக்கூட வராந்தாவிலோ கல்யாண மண்டபத்து வாசலிலோ பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை ஒன்பது மணியிலிருந்து பொழுது சாயும் வரை நாம் ஒன்றாகக் காத்திருக்கிறோம். ஆறு ஆண்டுகளாக உங்களில் பலருடைய முகம் எனக்குப் பழக்கம். உங்கள் பிள்ளைகளின் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) எனக்குத் தெரியும். போட்டி நாளில் எந்தப் பிள்ளைக்குத் தயிர்சாதம் மட்டும்தான் இறங்கும் என்பதுகூடத் தெரியும். ஆனால் உங்கள் பெயர்கள் தெரியாது. ‘அந்த அண்டர் லெவன் பையனின் அப்பா’, ‘போன வாரம் கப் வாங்கிய பெண்ணின் அம்மா’ என்றுதான் நாம் ஒருவரையொருவர் அடையாளம் வைத்திருக்கிறோம். ஆறு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறோம் என்பது சில வாரங்களாக என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த மடல் அதிலிருந்து பிறந்தது.

ஒரு ரவுண்டு முடிந்து அரங்கத்தின் கதவு திறக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். பிள்ளை வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அதன் முகத்தை வைத்து முடிவைக் கணித்துவிடுகிறோம், ஆனாலும் “ஜெயிச்சியா?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியில் எனக்குக் குறை இல்லை. மூன்று மணி நேரம் வெளியே தவித்துக்கொண்டிருந்தவர் வேறு எதைக் கேட்பார்? நான் சொல்ல வந்தது இரண்டாவது கேள்வியைப் பற்றி. “அவன் என்ன ஆனான்?” என்று, அதே வகுப்பில், அதே கோச்சிடம், அதே தெருவில் பயிலும் இன்னொரு பிள்ளையின் முடிவை அடுத்த மூச்சிலேயே விசாரிக்கிறோம். அவன் தோற்றுவிட்டான் என்று கேட்டதும் நம் முகத்தில் ஏதோ ஒன்று தளர்கிறது. வென்றுவிட்டான் என்றால் ஏதோ ஒன்று இறுகுகிறது. நாம் ஒரு வார்த்தையும் தவறாகப் பேசுவதில்லை, “பரவாயில்லையே” என்றுகூடச் சொல்கிறோம். ஆனால் பத்து நகர்த்தல்களை முன்கூட்டிப் பார்க்கப் பழகிய ஒரு பிள்ளைக்கு அப்பாவின் முகத்தைப் படிப்பது ஒரு பெரிய காரியமா?

என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத எனக்கு உரிமை உண்டு. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இரண்டு நாள் போட்டி. கடைசிக்கு முந்தைய ரவுண்டில் அவளுக்கும் அவளுடைய நெருங்கிய தோழிக்குமே பேரிங் (யாரோடு யார் ஆடுவது என்ற ஜோடி) விழுந்தது. இருவரும் ஒரே அகாடமி, ஒரே வயது, ரேட்டிங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டரை மணி நேரம் ஆடி என் மகள் தோற்றாள். வெளியே வந்தவள் அழவில்லை. தோழியுடன் படிக்கட்டில் உட்கார்ந்து, உள்ளங்கை அகலக் காந்தப் போர்டை மடியில் விரித்து, ஆடிய ஆட்டத்தைத் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, காய்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நடுநடுவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே என்னவோ செய்தது. தோற்ற பெண்ணுக்குச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தோன்றியது. போய் அவள் கையைப் பிடித்து எழுப்பி, “உன் ஓப்பனிங்கை (ஆட்டத்தைத் தொடங்கும் நகர்த்தல்களை) எல்லாம் அவளுக்கு ஏன் சொல்லிக்கொடுக்கிறாய், நாளைக்கும் அவளோடுதானே ஆடவேண்டும்” என்று அந்தக் குழந்தையின் காதில் விழும்படியே சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சிதறிய காய்களைத் தோழிதான் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

மாம்பலம் திரும்பும் மின்சார ரயிலில் குரோம்பேட்டை தாண்டும் வரை மகள் பேசவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே, “அப்பா, நான் எங்கே தப்புப் பண்ணினேன்னு அவளுக்குத்தானே தெரியும்? இனிமே யார்கிட்டக் கேக்குறது?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். உண்மையாகவே விடை தெரியாமல் கேட்டாள். எனக்கும் விடை தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான், ஆறு ஆண்டுகளாக மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கும் ரேட்டிங் என்ற எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையே நான் உட்கார்ந்து படித்தேன். நம்மில் பலரும், இன்னொரு பிள்ளை மேலே போனால் அந்த அளவுக்கு நம் பிள்ளை கீழே இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். சமமான ரேட்டிங் உள்ள இரண்டு சிறுவர்கள் ஆடினால் வென்றவருக்கு 20 புள்ளி கூடி, தோற்றவருக்கு 20 புள்ளி குறைவது உண்மைதான்; பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, 2300-க்குக் கீழே உள்ள ஆட்டக்காரர்களுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் கணக்கில் பெருக்குத்தொகை (புள்ளி எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40 என்பதால், சமமானவர்களுக்கு அதில் பாதியாக அப்படி அமைகிறது. ஆனால் எதிரே உட்காருபவர் நம் பிள்ளையை விட 200 புள்ளி உயர்ந்தவராக இருந்தால், தோற்றாலும் ஏறத்தாழ 10 புள்ளிதான் போகும்; டிரா செய்தாலே ஏறத்தாழ 10 புள்ளி வரும்; வென்றால் 30. வகுப்புத் தோழன் வளர வளர, அவனோடு ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் நம் பிள்ளைக்குக் குறைந்த இழப்பும் மிகுந்த வரவும் உள்ள ஆட்டமாக மாறுகிறது. பெருக்குத்தொகை 20 உள்ள பெரியவர் ஒருவரை, சமமான ரேட்டிங்கில் நம் சிறுவன் வென்றால் அவருக்குக் குறைவது 10, இவனுக்குக் கூடுவது 20. ஒருவர் பையிலிருந்து எடுத்து மற்றவர் பையில் போடும் கணக்காக அது முழுக்க அமையவில்லை.

செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான நார்ம் (ஒரு போட்டியில் எட்ட வேண்டிய தகுதி) விதி இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது. வழக்கமான 9 ரவுண்டுப் போட்டி ஒன்றில் நார்ம் பெற, 2600 அளவிலான ஆட்டத்திறனைக் காட்டினால் மட்டும் போதாது; எதிரே ஆடியவர்களில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்களாக இருந்திருக்க வேண்டும். அப்படி மூன்று நார்ம் பெற்று, ரேட்டிங்கும் 2500-ஐத் தொட்டால்தான் பட்டம். 1988-இல் விசுவநாதன் ஆனந்த் பட்டம் பெற்றபோது இந்த நாட்டில் வேறு கிராண்ட்மாஸ்டரே கிடையாது. எதிரே உட்கார வேண்டிய மூன்று பேரையும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் நாம் போக வேண்டும். இன்று வேறெந்த மாநிலத்தையும் விட அதிகமான கிராண்ட்மாஸ்டர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் ஒவ்வொருவரும் பட்டம் பெற்ற அன்றே, பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நார்ம் கிடைக்கும் வழியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று பொருள். பக்கத்து வீட்டுப் பையன் கிராண்ட்மாஸ்டர் ஆவது உங்கள் பையன் கிராண்ட்மாஸ்டர் ஆவதற்குத் தடை ஆகாது; விதிப்புத்தகத்தின்படியே அது ஒரு உதவி.

இந்த ஊரில் செஸ் வளர்ந்த விதத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான பட்டம்) ஆன மானுவல் ஆரோன், தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில் இளம்பிள்ளைகளை ஆடவைத்தார். அங்கே வந்து ஆடிய சிறுவர்களில் ஒருவர்தான் ஆனந்த். ஆரோனின் சாதனைகளையெல்லாம் தாண்டிப் போனவர். 2001-இல், பெண்களுக்கென்று தனியாக உள்ள ‘வுமன் கிராண்ட்மாஸ்டர்’ பட்டத்தை நாட்டிலேயே முதலில் பெற்ற விஜயலட்சுமியின் தங்கைகள் இருவரும் அக்காவைப் போலவே செஸ் ஆடினார்கள். கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ் 2002-இல் பிரிட்டிஷ் பட்டமும் 2007-இல் காமன்வெல்த் பட்டமும் வென்றவர். ஆடிப் புகழ்பெற வேண்டிய வயதிலேயே பயிற்சியின் பக்கம் திரும்பி, தன்னை விட உயரப்போகும் பிரக்ஞானந்தாவையும் வைஷாலியையும் வளர்த்தார். பின்னாளில் உலக சாம்பியன் ஆன குகேஷுக்குப் பயிற்சி அளித்த விஷ்ணு பிரசன்னாவும் தானே ஒரு கிராண்ட்மாஸ்டர். தன் பெயருக்காக ஆட வேண்டிய நேரத்தை இன்னொருவரின் பெயருக்காகக் கொடுத்தவர்கள் இந்த ஊரில் வரிசையாக வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

2013 நவம்பரில் அண்ணா சாலை ஓட்டல் ஒன்றில் ஆனந்த் தன் உலகப் பட்டத்தை மேக்னஸ் கார்ல்சனிடம் இழந்ததை நம்மில் பலர் நேரிலோ தொலைக்காட்சியிலோ பார்த்தோம். பத்து ஆட்டங்களில் ஒன்றுகூட வெல்லாமல், சொந்த ஊரில், சொந்த மக்கள் முன்னால் 3.5 – 6.5 என்று தோற்பது எப்படிப்பட்ட வலியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்த கூட்டத்தில் ஏழு வயது குகேஷும் இருந்தார். 2020 டிசம்பரில் இளம் ஆட்டக்காரர்களுக்காக ஆனந்த் வழிகாட்டும் வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் செஸ் அகாடமி தொடங்கியபோது முதலில் சேர்ந்தவர்களில் குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி மூவரும் உண்டு. ஆனந்த் அப்போது ஓய்வு பெற்றவர் அல்லர். நாட்டின் முதலிடத்தில் இருந்தவர். 1986 முதல் 37 ஆண்டுகள் தன்னிடமே இருந்த அந்த முதலிடத்தை, தானே வழிகாட்டி வளர்த்த பிள்ளையான குகேஷ் 2023 செப்டம்பரில் எடுத்துக்கொள்வார் என்பதை ஆட்டத்தை அவ்வளவு தொலைவு பார்க்கத் தெரிந்த ஒருவர் எதிர்பார்க்காமலா இருந்திருப்பார்? தெரிந்தேதான் சொல்லிக்கொடுத்தார். ஆனந்த் இல்லையென்றால் தான் இந்த இடத்தின் அருகில்கூட வந்திருக்க முடியாது என்று குகேஷும் சொன்னார்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் தோல்வியை ஒப்புக்கொண்டபின், பதினெட்டு வயதுப் பிள்ளை குகேஷ் முகத்தை மூடிக்கொண்டு அழுததை எல்லோரும் பார்த்தோம். நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அதற்கு அடுத்த சில நொடிகளை. கண்ணீரோடு, சிதறிக் கிடந்த காய்களை எடுத்து ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் நிறுத்தினார். அதன் பிறகுதான் எழுந்தார். பின்னர் பேசும்போது, தான் கடந்துவந்த பாதையைச் சொல்லுமுன் எதிரே ஆடிய டிங்கைப் பற்றித்தான் முதலில் பேசினார். அவர் உண்மையான சாம்பியனுக்குரிய போராட்டத்தைக் காட்டினார் என்று சொன்னார். அதே நாள்களில் அவர் சொன்ன இன்னொரு செய்தி நமக்கு மிக நெருக்கமானது. சிறுவயதில் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகப் பணமில்லாமல் குடும்பம் திணறியபோது, பெற்றோரின் நண்பர்கள் கைகொடுத்ததால்தான் தொடர்ந்து ஆட முடிந்தது என்றார். அந்த நண்பர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கக்கூடும், செலவுகள் இருந்திருக்கும். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அந்த இரவு அவர்கள் வீடுகளில் எப்படிப்பட்ட மகிழ்ச்சி இருந்திருக்கும் என்பதை மட்டும் என்னால் ஊகிக்க முடிகிறது.

போட்டி போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் வெல்லத்தான் ஆட வேண்டும். நண்பன் என்பதற்காக விட்டுக்கொடுத்தால் அது அவனுக்குச் செய்யும் அவமரியாதை. 2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீயில், உலக சாம்பியனாகி இரண்டு மாதம்கூட ஆகாத குகேஷை டை-பிரேக்கில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டங்களில்) தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது பிரக்ஞானந்தாதான். இருவரும் நம் ஊர்ப் பிள்ளைகள், சின்ன வயதிலிருந்தே ஒருவர் மற்றவரைத் துரத்திக்கொண்டு வந்தவர்கள். அந்தத் துரத்தல் இல்லாமல் இருவரில் எவரும் இந்த உயரத்துக்கு வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

நம் மனம் இறுகுவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்றும் நான் நினைக்கவில்லை. மாதக் கட்டணம், நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், விடுதி வாடகை என்று ஒவ்வொரு போட்டிக்கும் எவ்வளவு செலவாகிறது, அதற்காக எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது, எத்தனை தாய்மார்கள் வேலையை விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவையும் கொடுத்தவருக்கு இன்னொரு பிள்ளையின் வெற்றி, தன் தியாகம் வீணாகிறது என்ற அச்சமாகத்தான் வந்து சேர்கிறது. பொறாமை என்று நாம் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதில் பெரும்பகுதி பயம்தான். அந்தப் பயத்தோடு கண் பட்டுவிடும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளை நார்ம் எடுத்தால்கூட நாலு பேருக்குச் சொல்லாமல் மறைக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுற்றிப் போடுகிறோம். நானும் செய்திருக்கிறேன், என் அம்மா இன்றும் செய்கிறார். அதில் இருக்கும் அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரரின் கண் எரிச்சலோடுதான் பார்க்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அவர் உண்மையிலேயே மகிழ்ந்து கையைப் பற்ற வரும்போதும் நாம் கையை நீட்ட மாட்டோம். அந்தப் படிக்கட்டில் நான் செய்தது அதைத்தான்.

ரயிலில் மகள் கேட்ட கேள்விக்குப் பிறகு, ஆடுபவர்கள் நகர்த்தல்களை எழுதிவைக்கும் ஸ்கோர் ஷீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதுவரை எனக்குக் காய்கள் நகரும் விதம் மட்டுமே தெரியும். பேரிங் தாளும் முடிவுத் தாளும்தான் நான் பார்த்த செஸ். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் இரவு, சாப்பாட்டு மேசையில் போர்டை வைத்து, மகள் தோழியிடம் தோற்ற அந்த ஆட்டத்தை அவள் கையெழுத்தைப் பார்த்து ஒவ்வொரு நகர்த்தலாக அடுக்கினேன். பத்தொன்பதாவது நகர்த்தலில் தோழி, எஃப்3 கட்டத்தில் நன்றாக நின்றிருந்த குதிரையைப் பின்னுக்கு இழுத்து இ1-இல் வைத்திருந்தாள். முன்னேறி நிற்கும் காயை ஒரு குழந்தை ஏன் கடைசி வரிசைக்கு இழுக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த நகர்த்தலில் அந்தக் குதிரை டி3-க்கு வந்தது. அங்கிருந்து சி5-இல் இருந்த என் மகளின் சிப்பாயைக் குறிவைத்தது. அந்தச் சிப்பாயைக் காக்கப் போன காய்கள் திரும்பவே முடியவில்லை. ஆட்டம் அங்கேதான் முடிந்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு, தனியாக உட்கார்ந்து, “அடடா, என்ன பார்வை இந்தப் பெண்ணுக்கு” என்று வாய்விட்டுச் சொன்னேன். என் மகளைத் தோற்கடித்த நகர்த்தல் அது. ஆனாலும் அந்த மகிழ்ச்சியில் ஒரு துளி கசப்பும் இல்லை. முடிவுத் தாளைப் பார்த்தபோது வராத மகிழ்ச்சி ஆட்டத்தைப் பார்த்தபோது தானாகவே வந்தது. யாரும் என்னை நல்லவனாக இருக்கச் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெருந்தன்மையை அன்று. உள்ளே வெந்துகொண்டு வெளியே கைதட்டச் சொல்லவும் இல்லை. பிள்ளைகள் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். தோற்ற பிள்ளைக்கு அழ வேண்டும் என்றால் அழட்டும். ஆறு வயதுக் குழந்தையைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு வா என்று தள்ளுவது கொடுமை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் இரண்டு பிள்ளைகள் தாங்களாகவே ஒரு போர்டைத் தேடிப் போனால், அந்தப் பத்து நிமிடத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஓப்பனிங் ரகசியம் வெளியே போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். இன்று ஆடிய ஆட்டங்களில் பல நாளை இணையத்தில் கிடைக்கின்றன. நாம் காப்பதாக நினைக்கும் ரகசியத்தை அங்கே எவரும் பார்த்துக்கொள்ளக்கூடும். எதிராளி அந்த இடத்தில் என்ன நினைத்தான், எதைக் கண்டு பயந்தான், எந்த நகர்த்தலைப் பார்க்கத் தவறினான் என்பது மட்டும் எந்தக் கணினியிலும் கிடைக்காது. அது எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் மட்டுமே உண்டு, அதுவும் சூடு ஆறும் வரைதான்.

இரண்டாவது கேள்வியை நிறுத்த வேண்டாம். “அவன் என்ன ஆனான்?” என்பதைச் சற்றே மாற்றி, “அவன் எப்படி ஆடினான்?” என்று கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கிய முதல் மாதம் என் மகள் சந்தேகத்தோடுதான் பார்த்தாள், ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். இப்போது ரயில் ஏறியதிலிருந்து மாம்பலம் வரும் வரை, வழியில் இறங்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, அடுத்தவர் ஆட்டத்தைக் கைகளை ஆட்டி ஆட்டி விவரிக்கிறாள்.

அந்தத் தோழியின் பெற்றோரிடம் சென்ற மாதம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா, “நானும் அன்னைக்கு அவளைத் திட்டினேன் சார், ஜெயிச்சுட்டு எதுக்கு அவகிட்ட உக்காந்து சொல்லிக்கொடுக்குறேன்னு” என்றார். அவர் பெயரை அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு இரண்டு செஸ் போர்டுகளைக் கூடுதலாகக் கொண்டு வருகிறேன். அரங்கத்து வாசலில், பேரிங் ஒட்டும் சுவருக்கு எதிர்ப்பக்கம், வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்ச் இருக்கிறது; அதன்மேல் வைத்திருப்பேன். உங்கள் பிள்ளை ஆடி முடித்ததும், உடன் ஆடிய பிள்ளையோடு அங்கே அனுப்பி வையுங்கள். அவர்கள் ஆட்டத்தை அடுக்கும்போது நீங்களும் வந்து நின்று பாருங்கள். குறிப்பு எழுதும் முறை தெரியாதவர்களுக்கு அரை மணி நேரத்தில் சொல்லித்தர என்னால் முடியும். ஃப்ளாஸ்க்கில் காபியும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு தகப்பன்